நீள லென்ஸுக்கு எடை குறைந்த ட்ரைபாட் ஹெட்: எதற்கு எது?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பறவை நோக்கர்களிடமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. 150-600 மி.மீ. லென்ஸ் வாங்கியாயிற்று, ட்ரைபாடோடு வந்த ஹெட் (கேமராவைத் தாங்கித் திருப்பும் மேல் பாகம்) அதைத் தாங்கவில்லை, எடை குறைவாக ஒன்று சொல்லுங்கள். காலையில் சிங்காநல்லூர்க் குளம், அவ்வப்போது வால்பாறை, சித்திரையில் வெள்ளியங்கிரி, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதுமானதாக இருக்க வேண்டும்.

கேட்பது நியாயம்தான். ஆனால் எடையை முதல் கேள்வியாக வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பெரும்பாலும் தவறான ஹெட்டோடுதான் திரும்புவீர்கள். படம் எடுக்கும் கணத்தில் உங்கள் லென்ஸ் ஓரிடத்தில் நிற்க வேண்டுமா, அல்லது விலங்கோடு சேர்ந்து நகர வேண்டுமா? இதற்கு விடை தெரிந்த பிறகு எடையைப் பற்றிப் பேசலாம்.

## முதலில் அளவுகோல்கள்

நிற்பதா, தொடர்வதா. ஈரோடு பக்கத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் மரத்தில் கூடு கட்டியிருக்கும் கூழைக்கடா நிற்கும் பொருள். நீருக்கு மேல் படபடத்துக்கொண்டு ஒரே இடத்தில் மிதந்து, சட்டென்று செங்குத்தாக விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி தொடர வேண்டிய பொருள். முன்னதற்குப் பூட்டும் ஹெட் வேண்டும், பின்னதற்கு வழுக்கி நகரும் ஹெட் வேண்டும். இரண்டையும் முழுமையாகச் செய்யும் எடை குறைந்த ஹெட் எதுவும் சந்தையில் கிடையாது. எது குறைந்தால் உங்களால் பொறுத்துக்கொள்ள முடியும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பூட்டிய பிறகு இறங்கும் அளவு. பெட்டியில் '15 கிலோ தாங்கும்' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். அதை எப்படி அளப்பது என்பதற்குப் பொதுவான தர விதி இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் அளந்து தன் எண்ணைப் போட்டுக்கொள்கிறது. தாங்குவது வேறு, அசையாமல் இருப்பது வேறு. கேமராவைச் சட்டத்தில் சரியாக நிறுத்திப் பூட்டிக் கையை எடுத்ததும், மூக்குப் பக்கம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மி.மீ. லென்ஸில் அது கண்ணுக்கே தெரியாது. 600 மி.மீ. லென்ஸில், 30 மீட்டர் தொலைவில், அது 5 செ.மீ. மீன்கொத்தியின் கண்ணில் வைத்த குறி மார்புக்கு இறங்கிவிடும். நில அமைப்புப் படம் எடுப்பவர் ஒரு ஹெட்டை ஆகா ஓகோ என்று புகழ்வதும், பறவைக்காரர் அதையே திட்டுவதும் இதனால்தான்.

உண்மையான எடை. சிக்மா 150-600 கன்டெம்பரரி 1,930 கிராம், டாம்ரான் ஜி2 ஏறத்தாழ 2,010, நிக்கான் 200-500 காலரோடு (லென்ஸைச் சுற்றிப் பிடித்து ட்ரைபாடில் மாட்ட உதவும் வளையம்) 2,300, சோனி 200-600 2,115 கிராம். கேமராவைச் சேர்த்தால் மூன்று கிலோவை ஒட்டி வரும். அதன்மேல் பயண ட்ரைபாட் ஒன்றரைக் கிலோ. இந்த நாலரைக் கிலோவில், 450 கிராம் ஹெட்டுக்குப் பதில் 300 கிராம் ஹெட் வாங்கி நீங்கள் மிச்சப்படுத்துவது ஒரு தம்ளர் தண்ணீரின் எடை. அதற்காக விட்டுக்கொடுப்பது மொத்த அமைப்பின் உறுதியை.

காற்று. இது நம் ஊருக்கே உரிய அளவுகோல். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக்கொடுத்திருப்பதால், தென்மேற்குப் பருவக் காற்று அந்தக் கணவாய் வழியாக நேராக உள்ளே வருகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது சும்மா இல்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது, நடுத்தண்டை முழுதாக உயர்த்தி மேலே கனமான ஹெட்டும் பெரிய லென்ஸ் ஹூடும் (லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளி மறைப்பு) வைத்த மெல்லிய ட்ரைபாட் என்ன பாடுபடும்? மெல்லிய கால்களின் மேல் ஒன்றரைக் கிலோ ஹெட்டை ஏற்றுவதும் தவறு, உறுதியான கால்களின் மேல் பொம்மை ஹெட்டை வைப்பதும் தவறு.

## பால் ஹெட்

ஒரு குண்டு, அதைச் சுற்றி ஒரு கூடு, ஒரு திருகு. திருகைத் தளர்த்தினால் எல்லாத் திசையிலும் சுழலும், இறுக்கினால் நிற்கும். சிறியது 250-350 கிராம், நடுத்தரம் 400-600 கிராம். பயணத்துக்கு இதைவிட வசதியானது இல்லை. கைப்பிடி எதுவும் துருத்திக்கொண்டிருக்காது, ட்ரைபாடின் கால்களைத் தலைகீழாக மடித்தால் ஹெட் அவற்றுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும்.

இதன் பலவீனம் நீள லென்ஸ் ஏறியதும் தெரியும். விரலை வைத்துத் திருகைச் சற்றுத் தளர்த்துகிறீர்கள். அதுவரை அடங்கியிருந்த லென்ஸின் மூக்கு திடீரெனக் கீழே சாய்ந்து, ஹூட் ட்ரைபாட் காலில் மோதும், நடுவில் விரல் இருந்தால் விரல் நசுங்கும். கனம் குண்டுக்கு மேலே இருப்பதால் இது எப்போதும் விழத் துடிக்கும் அமைப்பு. அதனால் ஒரு கை எப்போதும் லென்ஸைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே நீள லென்ஸுக்கு பால் ஹெட் வாங்குவதென்றால் இரண்டு விஷயங்களில் கறாராக இருங்கள். உராய்வை முன்கூட்டியே அமைத்துவைக்கத் தனித் திருகு இருக்க வேண்டும். அது இருந்தால் பூட்டைத் திறந்தாலும் லென்ஸ் சட்டென்று விழாமல் மெதுவாக நகரும். அடுத்து, பக்கவாட்டில் மட்டும் திரும்பும் அடித்தளத்துக்குத் தனிப் பூட்டு வேண்டும். ஒற்றைத் திருகு மட்டும் உள்ள சிறிய ஹெட்டுகள் கைப்பேசிக்கும் சிறு கேமராவுக்கும் போதும்.

கொங்குச் சூழலில் பால் ஹெட் வெல்லும் இடங்கள் உண்டு. வெள்ளியங்கிரியில் மூங்கில் தடியை ஊன்றி ஏழு மலை ஏறுகிறவருக்கு வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே எடுக்கப்போவது விடியலும் மேகக்கடலும் நட்சத்திரங்களும். 600 மி.மீ. லென்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டு 300 கிராம் பால் ஹெட்டோடு ஏறுங்கள். வால்பாறையில் புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு தலைக்கு நேர் மேலே கிளையில் உட்கார்ந்திருக்கும்போதும், செங்குத்தாக மேல்நோக்கித் திருப்பிப் பூட்ட பால் ஹெட் ஒத்துழைக்கும்.

தூசி இதற்கு எதிரி. செம்மண் புழுதி குண்டின்மேல் படிந்தால் நகர்வு கரகரக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் மட்டும் போட்டுவிடாதீர்கள், உராய்வுதான் அதன் உயிர்.

## முழு கிம்பல்

கிம்பலில் லென்ஸ், ஊஞ்சல்போல் தொங்கும் ஒரு கையில் உட்காருகிறது. கனத்தின் மையம் சுழலும் அச்சின் உயரத்துக்கு வந்துவிடுவதால், எடை இல்லாததுபோல் ஒரு விரலால் நகர்த்தலாம், விட்ட இடத்தில் நிற்கும். துறையில் அளவுகோலாகக் கருதப்படும் விம்பர்லியின் முழு கிம்பல் ஏறத்தாழ 1.4 கிலோ. கார்பன் ஃபைபரில் வருபவை ஒரு கிலோவை ஒட்டி இருக்கும்.

சமன் செய்யத் தெரியாமல் பயன்படுத்தினால் இதன் அருமை புரியாது. எல்லாத் திருகையும் தளர்த்துங்கள். லென்ஸின் பிளேட்டை (அடியில் திருகிய தட்டு) ஹெட்டின் கிளாம்பில் (அதைக் கவ்வும் பிடி) முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கையை எடுத்தாலும் மூக்கு இறங்காமலும் ஏறாமலும் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடித்துப் பூட்டுங்கள். பிறகு தொங்கும் கையின் உயரத்தைச் சரிசெய்து, 45 டிகிரி சாய்த்து விட்டாலும் அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். சிக்மா, டாம்ரான் 150-600 லென்ஸ்களும் நிக்கான் 200-500-ம் ஸூம் செய்தால் வெளியே நீளும். 150-இல் செய்த சமன் 600-இல் நிற்காது. அதிகம் பயன்படுத்தும் நீளத்தில், அதாவது பெரும்பாலும் 600-இல், சமன் செய்து வையுங்கள். சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 இரண்டும் உள்ளேயே ஸூம் ஆவதால் இந்தத் தொல்லை இல்லை.

திருப்பூர் நஞ்சராயன் குளத்துக் கரையில் காலை ஆறு மணிக்கு ட்ரைபாடை நிறுத்தி ஒன்பது வரை ஒரே இடத்தில் நிற்கிறவருக்கு இதற்கு இணை இல்லை. மீசை ஆலாக்கள் நீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கும், லென்ஸ் அவற்றோடே போகும், கை வலிக்காது. 2024-இல் ராம்சார் தகுதி (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற இந்தக் குளமும், 2022-இல் அத்தகுதி பெற்ற வெள்ளோடும் கிம்பலுக்கென்றே அமைந்த இடங்கள். வண்டியிலிருந்து நிற்கும் இடம்வரை நடை குறைவு, நிற்கும் நேரம் அதிகம்.

மற்ற எதற்கும் இது ஒத்துவராது. காலர் இல்லாத சிறு லென்ஸை, கேமராவில் மாட்டும் எல் வடிவப் பிராக்கெட் இல்லாமல் வைக்க முடியாது. தொடுவானம் சாய்ந்தால் ஹெட்டில் திருத்த வழியில்லை, ட்ரைபாடின் கால்களைத்தான் ஏற்றி இறக்க வேண்டும். குளத்துமேட்டின் சரிவில் இதைச் செய்து பார்த்தால் சமன்செய்யும் அடித்தளம் என்று தனியாக ஒன்று ஏன் விற்கிறார்கள் என்று புரியும். மடித்தாலும் பையில் அடங்காது.

ஓரமாக ஒன்று: இப்போதைய கேமராக்களின் அதிர்வுத் தடுப்பும் தானியங்கிக் குவியமும் வந்த பிறகு, பறக்கும் பறவைக்கு வெறுங்கையே போதும் என்று சொல்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு அவர்கள் சொல்வது சரி. மூன்று மணி நேரத்துக்குச் சரியில்லை.

## பக்கவாட்டு கிம்பல், பால் ஹெட்டோடு

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. பால் ஹெட்டின் தண்டைப் பக்கவாட்டுப் பள்ளத்தில் கிடையாகச் சாய்த்துப் பூட்டி, அதன் கிளாம்பில் ஒரு சிறு கிம்பல் கையைப் பொருத்துவது. விம்பர்லியின் சைட்கிக் இந்த வகை, சுமார் 600 கிராம். மேலும் கீழும் அசைவது கிம்பலின் வேலை, இடம் வலம் திரும்புவது பால் ஹெட்டின் அடித்தளத்தின் வேலை. லென்ஸைக் காலருக்குள் 90 டிகிரி திருப்பி, காலரின் பாதம் (ஹெட்டில் மாட்டும் அடிப்பகுதி) பக்கவாட்டில் வருமாறு மாட்ட வேண்டும்.

அக்ராடெக்கின் ஜிபி பால் ஹெட் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தனிக் கை எதுவும் இல்லாமலே, பள்ளத்தில் சாய்த்த குண்டு அந்த ஒரு அச்சில் மட்டும் உருளுவதால் அதுவே கிம்பல்போல் நடந்துகொள்கிறது. எடையோ அரைக் கிலோவுக்குள். திறந்த அமைப்பு என்பதால் புழுதி உள்ளே தங்காது என்பது நம் கோடைக்குக் கூடுதல் நன்மை. முழு கிம்பலின் வழுக்கல் இதில் வராது, எண்பது சதவீதம் வந்தாலே திருப்தி என்பவர்களுக்கு இது.

எச்சரிக்கை: கனம் முழுவதும் ஒரு பக்கமாகத் தொங்குவதால், மலிவான பால் ஹெட்டின் அடித்தளம் சற்று ஆடினாலும் அது லென்ஸில் பெரிதாகத் தெரியும். காற்றில் ட்ரைபாட் அந்தப் பக்கமாகச் சாயவும் பார்க்கும், ஒரு காலை லென்ஸ் தொங்கும் திசையில் நீட்டி வையுங்கள்.

## ஃப்ளூயிட் ஹெட்

வீடியோக்காரர்களுடையது என்று பலர் இதைப் பார்ப்பதே இல்லை. அது இழப்பு. உள்ளே இருக்கும் கெட்டியான திரவம் நகர்வை ஒரே சீராக்குகிறது, நீண்ட கைப்பிடியால் திருப்பலாம், ஸ்பிரிங் எதிர்விசையால் மூக்கு தொப்பென்று விழாது. மன்ஃப்ரோட்டோவின் 500 வரிசையில் சிறியது 900 கிராம், 5 கிலோ வரை என்று குறிப்பிடப்பட்டது. தொலைநோக்கி வைத்துப் பறவை பார்ப்பவர்கள் இந்த வகையைத்தான் விரும்புகிறார்கள்.

வரையாடு பாறை விளிம்பில் மெல்ல நடந்து போவதைப் படமும் காணொளியுமாக எடுப்பவருக்கு, கிம்பலைவிட இது பொருந்தும். சட்டென்று திசை மாறும் பறவைக்குத் திரவத்தின் இழுவை தடையாக இருக்கும். எதிர்விசை ஒரு குறிப்பிட்ட எடைக்கென அமைக்கப்பட்டிருப்பதால், சிறிய கேமராவை வைத்தால் அது தானாக மேலே எழும்பப் பார்க்கும்.

## மூன்று கைப்பிடி ஹெட்

கட்டடக்கலை, பொருள் ஒளிப்படம் எடுப்பவர்களுக்கு உகந்தது. பையில் மூன்று கொம்புகள். இங்கே விட்டுவிடலாம்.

## ஹெட்டே தேவைப்படாத இடம்

டாப்சிலிப்பில் வனத்துறை வண்டியில் சவாரி போகிறீர்கள் என்றால் ட்ரைபாடை விரிக்க இடமும் இல்லை, இறங்க அனுமதியும் இல்லை. புலிகள் காப்பகத்துச் சாலைகளில் வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுப்பதும் கூடாது. ஆனைமலையிலோ சத்தியமங்கலத்திலோ உங்கள் படங்களில் பெரும்பகுதி வண்டிக்குள்ளிருந்துதான் என்றால், ஹெட்டுக்கு ஒதுக்கிய பணத்தை வேறு எதற்காவது செலவிடுங்கள்.

வேண்டியது ஒரு மணிப்பை. கெட்டித் துணியில் எந்தத் தையற்காரரும் தைத்துக் கொடுப்பார், நல்ல ஜிப் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். வெறும் பையைக் கொண்டுபோய், பொள்ளாச்சியில் இரண்டு மூன்று கிலோ பச்சைப்பயறோ கம்போ வாங்கி நிரப்பி, ஜன்னல் விளிம்பில் போட்டு லென்ஸை அழுத்தி வைத்தால் எந்த ஹெட்டும் கிட்ட வராது. திரும்பி வந்ததும் பயறு சமையலறைக்குப் போகும். வண்டியின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் எல்லாம் வீண். குரங்குகள் இருக்கும் இடத்தில் தானியப் பையைத் திறந்து வைக்கவே கூடாது.

ஒற்றைக்கால் மோனோபாடுக்கு மேல் ஒரே அச்சில் சாயும் ஹெட் இன்னொரு வழி. மன்ஃப்ரோட்டோ 234ஆர்சி 270 கிராம்தான். நடந்துகொண்டே பறவை தேடுபவருக்கு இது போதும். மலையேறும்போது மோனோபாடையே ஊன்றுகோலாக்க நினைக்காதீர்கள், பூட்டு வழுக்கினால் ஆளே போய்விடுவார்.

## ஒரே பார்வையில்

| வகை | ஹெட்டின் எடை | நிற்கும் பொருள் | பறக்கும் பொருள் | பயணம் | கூடுதல் செலவு |
|---|---|---|---|---|---|
| சிறு பால் ஹெட் | 250-350 கிராம் | சிறு லென்ஸுக்கு மட்டும் | கூடாது | மிக நன்று | குறைவு |
| நடுத்தர பால் ஹெட் | 400-600 கிராம் | நன்று | சுமார் | நன்று | நீளப் பிளேட் |
| பால் ஹெட் + பக்கவாட்டு கிம்பல் | சுமார் ஒரு கிலோ | நன்று | நன்று | பரவாயில்லை | தரமான அடித்தளம் |
| முழு கிம்பல் | 1-1.4 கிலோ | நன்று | மிக நன்று | சிரமம் | சமன் அடித்தளம், எல் பிராக்கெட் |
| சிறு ஃப்ளூயிட் ஹெட் | 900 கிராம் அளவில் | நன்று | மெதுவான நகர்வுக்கு நன்று | சிரமம் | பிளேட் மாற்றம் |
| மணிப்பை | காலியாக இருந்தால் மிகக் குறைவு | வண்டியில் மிக நன்று | சுமார் | மிக நன்று | பயறு |

## விலைச்சீட்டில் வராதவை

முதலாவது பிளேட். ஆர்க்கா-ஸ்விஸ் வகை என்று கேட்டு வாங்குங்கள்: 38 மி.மீ. அகலம், சாய்ந்த விளிம்பு. பெரும்பாலான நிறுவனங்கள் இந்த வழிக்கு வந்துவிட்டன. மன்ஃப்ரோட்டோவின் பழைய ஆர்சி2 சதுரப் பிளேட்டும், வீடியோ ஹெட்டுகளின் 501 வகை நீளப் பிளேட்டும் இதில் பொருந்தாது. ஒரு ஹெட் ஒரு வகை, இன்னொரு ஹெட் வேறு வகை என்று வைத்துக்கொண்டால், பறவை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் திருகைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். கேமராவோடு வரும் குட்டிப் பிளேட் நீள லென்ஸுக்குப் போதாது. முன்னும் பின்னும் நகர்த்த 10-15 செ.மீ. நீளம் வேண்டும், இரு முனையிலும் நழுவாமல் தடுக்கும் சிறு திருகுகள் அவசியம் வேண்டும். கிளாம்ப் சற்றுத் தளர்ந்தால் லென்ஸ் தரையில் விழாமல் காப்பது அந்த இரண்டு திருகுகள்தான்.

கோவைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. லென்ஸின் பாதத்தையே ஆர்க்கா விளிம்போடு மாற்றிக்கொள்ள இறக்குமதிப் பாகத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ துல்லியமான மில்லிங் வேலை செய்யும் பட்டறையில், மூலப் பாதத்தை மாதிரியாகக் கொடுத்து அலுமினியத்தில் கடைந்து வாங்கலாம். விளிம்பின் 45 டிகிரிச் சாய்வும் 38 மி.மீ. அகலமும் பிசகக்கூடாது. நெம்புகோல் வகைக் கிளாம்ப் சிறு அகல வேறுபாட்டைக்கூடப் பொறுக்காது. திருகி இறுக்கும் வகை பொறுத்துக்கொள்ளும், ஆகவே பட்டறைப் பிளேட் வைத்திருப்பவர்கள் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

இரண்டாவது, கால்கள். கிம்பல் வாங்கிய பிறகுதான் பழைய ட்ரைபாட் முறுக்கிக்கொண்டு ஆடுவது தெரியவரும். ஹெட்டின் விலையைப் போல இன்னொரு மடங்கு கால்களுக்குப் போகும். ஹெட்டில் இருக்கும் துளை 3/8 அங்குலமா 1/4 அங்குலமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் 3/8.

## யாருக்கு எது

வார இறுதிதோறும் குளக்கரை, காரில் போய்க் காரில் வருகிறீர்கள்: முழு கிம்பல், தயங்க வேண்டாம். எடை காரின் கவலை.

ஒரே ஒரு ஹெட்தான், அதிலேயே பறவையும் பயணமும்: உராய்வுத் திருகும் தனி அடித்தளப் பூட்டும் உள்ள 450-500 கிராம் பால் ஹெட், முடிந்தால் பக்கவாட்டில் கிம்பல்போல் இயங்கும் வகை. பக்கவாட்டுக் கையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கேள்வி கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்த இனம்.

காணொளி பாதி, படம் பாதி: சிறு ஃப்ளூயிட் ஹெட்.

கேனான் ஆர்எஃப் 600 எஃப்11 போல 930 கிராமில் முடிந்துவிடும் லென்ஸோ, சிறிய 100-400 லென்ஸோ வைத்திருக்கிறீர்கள்: நல்ல 350 கிராம் பால் ஹெட் தாராளமாகப் போதும். கிம்பலைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

எதை வாங்கினாலும் உங்கள் கேமராவையும் லென்ஸையும் கடைக்கே கொண்டுபோங்கள். லென்ஸை 600-க்கு நீட்டி, எதிர்ச்சுவரில் ஒரு எழுத்தின் ஓரத்தைத் திரையின் நடுவில் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஹெட்டைப் பூட்டிக் கையை எடுங்கள். எழுத்து எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் ஆட்டம் அடங்குகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று ஹெட்டுகளில் இதைச் செய்தால் வேறுபாடு உடனே பிடிபடும். இதற்குக் கடைக்காரருக்குப் பொறுமை இல்லையென்றால் வேறு கடை பாருங்கள். இணையத்தில்தான் வாங்குவீர்கள் என்றால், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடியும் முன் இதே சோதனையை வீட்டு மொட்டைமாடியில், காற்று இருக்கும் ஒரு மாலையில், செய்துவிடுங்கள்.